பெரிய வண்டிக்காரரின் மீசை

கல்யாண வண்டிகளுக்குப் பூ அலங்காரம் செய்வது என் தொழில். தி. நகரில் ஒரு சந்தின் முனையில் கடை. எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். பங்களா வீட்டு டிரைவர்கள் முதலாளிகளைப் பட்டுக்கடையிலோ நகைக்கடையிலோ இறக்கிவிட்டு, வண்டியை அந்த மரத்தடியில் போட்டுவிட்டு, போன் வரும்வரை டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. ஓட்டுகிற வண்டிதான் பெயர். "ஜெர்மன்காரர் வந்தாச்சா?" "கொரியா இன்னிக்கு லீவு" என்று பேசிக்கொள்வார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள் ஏதோ வெளியுறவுத் துறை ஆபீஸ் பக்கம் வந்துவிட்டோம் என்று நினைப்பார்கள்.

ஒருவருக்கு மட்டும் நாட்டுப் பெயர் வைக்கவில்லை. அவர் பெரிய வண்டிக்காரர். அவர் ஓட்டியது இங்கிலாந்துக் கம்பெனியின் பழைய வண்டி, மேல்துணியை மடக்கி வைக்கிற ரகம். சந்தன நிறம். முன்பக்கம் கோயில் வாசல்போல உயரமாக, வெள்ளியாய் மின்னும் கம்பிகள். அதன் உச்சியில், காற்றில் சாய்ந்தபடி ஒரு குட்டிப் பெண் பொம்மை. அந்த வண்டி சந்துக்குள் நுழைந்தால் ஆட்டோக்காரர்களே ஓரம் கட்டுவார்கள். சென்னையில் ஆட்டோ ஓரம் கட்டுகிறது என்றால் அதற்குமேல் ஒரு வண்டிக்கு வேறு மரியாதை வேண்டுமா?

அவர் வீடு முன்பு அடையாற்றங்கரையில் இருந்தது. பிறகு எல்லோரையும் ஊருக்கு வெளியே குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, உலகத்திலேயே சொகுசான சீட்டில் உட்கார்வார். "இன்னா பண்றது நைனா, ஓடமும் ஒருநாள் வண்டியில ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்துல ஏறும்பாங்க. நான் தெனமும் ரெண்டுலயும் ஏறிகினு கீறேன்" என்பார்.

அந்தக் கம்பெனியின் கதை முழுக்க அவருக்கு மனப்பாடம்.

"ரெண்டு பேரு நைனா. ஒருத்தரு பணக்கார ஊட்டுப் புள்ள. இன்னொருத்தரு சின்ன வயசுல பேப்பரு வித்தவரு. படிப்பு கம்மி, ஆனா கையில வேல கீது. அவரு ஒரு காரு வாங்குனாரு. கடகடான்னு ஒரே சத்தம். அப்டியே பிரிச்சுப் போட்டாரு. இத்த வுட நல்லதா நானே செய்யறேன்னாரு. செஞ்சாரு. அவ்ளோதான் கத."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"பெரிய ஐயா இருந்தாரே, அவரு சொன்னது. அவரு பின்சீட்ல பேசுவாரு, நான் முன்சீட்ல கேப்பேன். வாத்தியாரு என் முதுகுக்குப் பின்னால உக்காந்து பாடம் நடத்துன ஒரே பள்ளிக்கூடம் அதான்."

நானும் பெரிதாகப் படித்தவன் இல்லை. பூ சுற்றி வருகிற காகிதம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். கதை கேட்டால் உட்கார்ந்துவிடுவேன். அந்தக் கம்பெனியைப் பற்றி மரத்தடியில் ஓடாத கதை இல்லை. எல்லோருக்கும் பிடித்தது மகாராஜா கதை. ஒரு மகாராஜா சாதாரண உடையில் சீமையில் அவர்கள் கடைக்குப் போனாராம். விற்கிறவர் மதிக்கவில்லையாம். மகாராஜா கோபப்பட்டு மொத்தமாக வண்டிகளை வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்து, முன்னால் துடைப்பம் கட்டிக் குப்பை அள்ள விட்டாராம். எத்தனை வண்டி என்பது சொல்கிற ஆளைப் பொறுத்தது. டீக்கு டீ ஒன்று கூடும். எந்த மகாராஜா என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். நடந்ததோ நடக்கவில்லையோ, எனக்குத் தெரியாது. ஆனால் குப்பை அள்ளினால்கூட அது செய்தியாகும் என்கிற அளவுக்கு ஒரு பெயர் இருந்தால்தானே இப்படி ஒரு கதை பிறக்கும்?

ஜெர்மன்காரருக்கு இந்தக் கதை அல்வா. அவர் கே.கே. நகரிலிருந்து வருகிறவர், புத்தம்புது ஜெர்மன் வண்டி ஓட்டுகிறவர். பெரிய வண்டிக்காரரைக் கண்டதும் எழுந்து கும்பிடுவார். "வாங்க குப்பவண்டி மாமா! இன்னிக்கு எந்தத் தெரு கிளீனிங்கு?"

"நெறகுடம் தளும்பாது மச்சி. உன் வண்டி ஸ்டார்ட் பண்ணா தெருவே எழுந்துக்குது. என் வண்டில உக்காந்தா கடியாரம் அடிக்கறதுதான் கேக்கும்."

"கடியாரமாவது ஓடுதே, சந்தோசம்."

"முப்பது வருசம் என் கையில. ஒருநாள் ரோட்ல நின்னதில்ல, தெரியுமா?"

"வெள்ளத்தன்னிக்கி?"

"அன்னிக்கி வெளியவே எடுக்கல. ஆளுக்கு அறிவு இருந்தா வண்டி ஏன் நிக்குது?"

இது தினசரி நடக்கும். ஒருவர் வராத நாளில் இன்னொருவர் டீயைப் பாதியில் வைத்துவிடுவார்.

போன தை மாதம் பெரிய வண்டிக்காரரின் பையனுக்கு மயிலாப்பூரில் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்கப் போனபோது வண்டியின் சொந்தக்கார அம்மா, அதாவது அந்தப் பெரிய ஐயாவின் மருமகள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். "மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம வண்டிதான். நீங்க ஓட்டக் கூடாது. நான் ஓட்டறேன். நீங்க பையன் பக்கத்துல பின்சீட்ல உட்காரணும்."

அதை மரத்தடியில் வந்து இரண்டு தரம் சொன்னார். முப்பது வருஷத்தில் அந்தப் பின்சீட்டைத் துடைத்திருக்கிறாரே தவிர, ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. கொரியாக்காரர் எல்லோருக்கும் இன்னொரு டீ சொன்னார். ஜெர்மன்காரருக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது.

"மாமா, நல்ல நாளும் அதுவுமா ஆட்டோவுல போயிடு. மயிலாப்பூர்ல மெட்ரோவுக்குத் தோண்டி வச்சிகீறான். இந்தக் கெழவி நடுரோட்ல படுத்துக்கப் போவுது."

பெரிய வண்டிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கு நல்ல மீசை. நரைத்து, அடர்ந்து, இரண்டு பக்கமும் மேலே ஏறிய மீசை. அதை ஒரு முறுக்கு முறுக்கினார். "நின்னுச்சுன்னா அன்னிக்கே இத்த எடுத்துடறேன். மறுநாள் முகூர்த்தத்துல மொட்ட மூஞ்சியோட நிப்பேன். எல்லாரும் சாட்சி."

விளையாட்டுப் பேச்சு இல்லை அது. எங்கள் ஜனங்களில் ஒருவர் திடீரென்று மீசை எடுத்தால், வீட்டில் பெரியவர் யாரோ போய்விட்டார் என்று அர்த்தம். பையன் தாலி கட்டுகிற நேரத்தில் தகப்பன் அப்படி நின்றால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? விஷயம் அவர் வீட்டம்மா காதுக்குப் போய், அவர் என் கடைக்கே போன் செய்துவிட்டார். "அந்த ஆளுக்குத்தான் வாயில சனி. நீங்கள்லாம் ஆம்பளைங்க பக்கத்துல இருந்துகினு வாயப் பொத்த மாட்டீங்களா?" வார்த்தை வெளியே வந்தாகிவிட்டது. அவரோ சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை.

அலங்காரம் என் பொறுப்பு. அவர் மூன்றே கட்டளை போட்டார். "பொம்மைக்கு மாலை போடாத, அது சாமி இல்ல. கண்ணாடிய மறைக்காத. பெயிண்ட்ல டேப் ஒட்டாத." மூன்றையும் அச்சுப் பிசகாமல் காப்பாற்றினேன்.

ஆனால் அந்த முன்பக்கம் இருக்கிறதே, கோயில் வாசல் மாதிரி அந்த வெள்ளிக் கம்பிகள், அதைப் பார்த்துப் பல வருஷமாகவே எனக்கு ஒரு ஆசை. மற்ற வண்டிகளுக்கு பானெட்டின் மேல் ஒரு பூங்கொத்து, கதவுக்கு ஒரு சரம், முடிந்தது. இதற்கு அப்படியா செய்வது? சம்பங்கியை நெருக்கிக் கட்டி, நடுவில் சிவப்பு ரோஜா, ஓரம் முழுக்க மரிக்கொழுந்து, ஒரு பாய் மாதிரியே பின்னினேன். இரண்டு விரல் கனம். அதைக் கம்பிகளின் மேல் மூடிக் கட்டினேன். காற்று புக இடமில்லாமல் கட்டினேன் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு, ஒரு கம்பிகூடத் தெரியாமல் கட்டினேன் என்று பெருமைப்பட்டேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று மாலை ஐந்தரைக்குப் பட்டுவேட்டியில் அவர் வந்தார். பிள்ளையார் கோயில் வாசலில் வண்டி தயாராக நிற்கிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு திருகாணி லூசானால் இங்கிருந்தே சொல்கிற மனிதர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முன்னால் வந்து நின்றார். கைகட்டிப் பார்த்தார்.

"கருவற மாதிரி கீதுப்பா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். தினமும் பார்க்கிற டிரைவர் அன்று லீவு. வந்தவர் வெறும் அப்பா.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு செட்டு, அடுத்து நாகஸ்வரம், அதற்கடுத்து ஆடுகிற சொந்தக்காரர்கள், பிறகு வண்டி. முதலாளி அம்மா பச்சைப் பட்டுப்புடவையில், கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பின்சீட்டில் மாலையும் கோட்டுமாக மாப்பிள்ளை, மடியிலும் பக்கத்திலும் குழந்தைகள், ஓரத்தில் பெரிய வண்டிக்காரர், சொந்த வீட்டுக்கே விருந்தாளியாக வந்தவர்போல விறைப்பாக. வண்டிக்குப் பின்னால் மரத்தடி நண்பர்கள். முதல் வரிசையில் ஜெர்மன்காரர்.

மெட்ரோ தகரத் தடுப்பு தெருவைப் பாதியாக்கியிருந்தது. பத்தடிக்கு ஒருதரம் பேண்டு செட்டு நிற்கும், பையன்கள் குத்தாட்டம் போடுவார்கள், மறுபடி நகரும். நத்தை எங்களைப் பார்த்து ஹாரன் அடித்திருக்கும். நான் உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டு முன்சக்கரத்தின் பக்கத்தில் நடந்தேன்.

பாதி தூரத்தில் ஒரு வாசனை வந்தது.

எனக்கு எல்லாப் பூ வாசனையும் தெரியும். மொட்டு, மலர்ந்தது, வாடியது, அழுகியது எல்லாம் தெரியும். வெந்த சம்பங்கி வாசனை அன்றுதான் முதல்முறை. குனிந்து பார்த்தேன். ரோஜாக்களுக்கு நடுவிலிருந்து மெல்லிசாக வெள்ளைப் புகை கசிந்தது.

கூட்டத்தில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "பூவுக்குள்ள சாம்பிராணி வச்சிகீறாங்கடி, இன்னா செலவு பாரேன்."

சாம்பிராணி இல்லை தாயே, ரேடியேட்டர். ஊர்ந்து போகிற வேகத்துக்கே அந்த இன்ஜினின் சூடு ஆறக் காற்று போதாது. இருக்கிற மூச்சையும் நான் பூவால் அடைத்துவிட்டேன். நிமிர்ந்து பின்சீட்டில் இருந்த அவரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மோந்துவிட்டார். கை தானாக மீசைக்குப் போனது.

ஒரு நிமிடம் பேசாமல் இருந்திருந்தால், இன்னும் ஒரு தெரு, மண்டபம் வந்திருக்கும். இன்ஜின் தாங்கியும் இருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம். அவர் முன்னால் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அம்மா, ஆஃப் பண்ணிடுங்க. கொதிக்குது."

"உங்க மீசை?" என்றார் அம்மா. பந்தயம் அவருக்கும் தெரியும்.

"மீச மொளைக்கும்மா. இது மொளைக்காது."

அம்மா சாவியைத் திருப்பினார். வண்டி தன் பாட்டில் மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. நான் பின்பக்கம் ஓடினேன். ஜெர்மன்காரரிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். இத்தனை வருஷமாக அவர் காத்திருந்த நொடி அது. ஒரு கூப்பாடு போட்டால் போதும், ஊரே திரும்பிப் பார்க்கும். அவர் முன்னால் எழுந்த ஆவியைப் பார்த்தார். பின்சீட்டில் அசையாமல் நேராக உட்கார்ந்திருந்த அந்த முதுகைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இன்னா வேடிக்க பாத்துகினு கீறீங்க? நிக்கறதுக்குள்ள தள்ளுங்கடா!"

ஆறு பேர் தோள் கொடுத்தார்கள். உருண்ட வண்டி நிற்காமல் அப்படியே நகர்ந்தது. கொரியாக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "நீதானே மச்சி இது நிக்கணும்னு வேண்டிகினு இருந்த?"

"லூசு. இவரு மீச போயிட்டா நாளையிலேர்ந்து நான் யார்கிட்ட சண்ட போடறது? தள்ளு!"

நான் முன்னால் ஓடி, பின்னோக்கி நடந்தபடியே பூப்பாயைப் பிய்க்க ஆரம்பித்தேன். சுடச்சுட ரோஜா. வைக்க இடமில்லை, கையும் தாங்கவில்லை, அள்ளி அள்ளிக் கூட்டத்தின் மேல் வீசினேன். ஜனங்கள் இதுவும் ஏற்பாடுதான் என்று நினைத்து ஓவென்று கூவினார்கள். குழந்தைகள் எழுந்து நின்று பிடித்தன. பேண்டு செட்டுக்காரர்களுக்கும் உற்சாகம் வந்து அடியை மாற்றினார்கள். இவ்வளவு பூ இறைத்த ஊர்வலத்தை அந்தத் தெரு பார்த்திருக்காது.

ஒரு பழைய வீட்டு வாசலில் இரண்டு மாமாக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் காதுக்குக் கையைக் குவித்தார்.

"ஓய், கவனிச்சீரா? இன்ஜின் ஓடறதா இல்லையான்னே தெரியலை."

"அதான் ஓய் அந்தக் கம்பெனி. எங்காத்துல அப்பா சொல்லிண்டே இருப்பார், பக்கத்துல வந்து நின்னாலும் சத்தம் வராதுன்னு. இன்னிக்குத்தான் காதால கேட்டேன்."

"கேக்கலைன்னு சொல்லும்."

பின்னால் தோள் கொடுத்துக்கொண்டிருந்த ஜெர்மன்காரர் தலையை நீட்டினார். "ஆமா மாமா! சத்தமே வராது. புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு மட்டுந்தான் வரும்!"

அம்மா ஸ்டியரிங்கில் குனிந்து சிரித்ததை நான் பார்த்தேன். பெரிய வண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

மண்டபம் வந்தது. ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளை இறங்கினார். சம்பந்தி வீட்டார் வண்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தள்ளிய ஆறு பேரையும் எங்களையும் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. பெரிய வண்டிக்காரரின் வீட்டம்மா என்னைப் பார்த்து, "கோயில்ல தேங்கா ஒடைக்கறேன்னு வேண்டிகினு இருந்தேன். நல்லபடியா கொணாந்து சேத்துட்டீங்க" என்றார். கையிலிருந்த மைசூர்பாகைப் பக்கத்துக் குழந்தையிடம் கொடுத்துவிட்டேன்.

பந்தி நடக்கும்போது பெரிய வண்டிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவதைப் பார்த்தேன். மண்டபத்துக்கு எதிரே ஒரு சலூன். ஒரே நாற்காலிக் கடை. எனக்குப் புரிந்துவிட்டது. இலையை அப்படியே விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் குறுக்கே ஓடி, அவருக்கு முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எழுந்துரு நைனா. எனக்கு அவசரம்."

"நான்தாண்ணே முதல்ல வந்தேன்." சலூன்காரரிடம் திரும்பினேன். "மீசையை எடுத்துடுங்க."

"உனக்கு இன்னாத்துக்குப்பா?" என்றார் பெரிய வண்டிக்காரர்.

"வண்டிக்கு மூச்சு விட வழியில்லாம அடைச்சது நான். கொதிக்க வச்சது நான்."

"பூ உன்னுது. வாக்கு என்னுது. தள்ளி ஓடுனா அது ஓடுனதா? ஊரு பாக்கலன்னா இன்னா? எனக்குத் தெரியுமில்ல?"

"உங்க வாக்கு வண்டி மேல வச்சது. வண்டி என்ன தப்பு பண்ணுச்சு? நீங்க மீசையை எடுத்தா வண்டி மேல பழி. நான் எடுத்தா என் மேல பழி. யார் மேல விழணும், நீங்களே சொல்லுங்க."

அவர் திரும்பி, எதிரே மண்டபத்து வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.  வண்டியை விட்டுக்கொடுக்க அவரால் முடியாது.

சலூன்காரர் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு பொறுமை இழந்தார். "யாரு மீசைன்னு சீக்கிரம் முடிவு பண்ணுங்க சார், நுரை காயுது."

ஜெர்மன்காரர் தோளைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பந்தயத்தில் ஜெயித்தவர் அவர்தான், தீர்ப்பும் அவர்தானே சொல்ல வேண்டும்? "பூக்காரன் சொல்றதுதான் நாயம் மாமா. வாயக் கட்டிப் போட்டுட்டு மாடு மேயலன்னு அடிக்கக் கூடாது. அண்ணாத்தே, நீ ஆரம்பி."

கத்தி என் உதட்டின் மேல் ஓடியது. இருபது வருஷ மீசை. பெரிய வண்டிக்காரர் சுவரில் சாய்ந்து, தன்னுடையதையே எடுப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "சகிக்கல நைனா" என்றார்.

மறுநாள் காலை முகூர்த்தத்துக்குப் போனேன். வாசலில் சந்தனம் கொடுத்த பெரியவர் என் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கையைப் பிடித்து, "எப்போ?" என்றார்.  "நேத்து ராத்திரி" என்றேன். "வயசு எவ்ளோ?" என்றார். "இருபது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் இன்னொருவரிடம் சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, நான் முன்வரிசைக்குப் போவதற்குள் ஏழெட்டுப் பேர் என் தோளைத் தட்டி, "தைரியமா இரு" என்றார்கள். ஒரு பெண்மணி காபி கொண்டுவந்து கொடுத்து, "துக்கத்துலயும் வந்து நிக்கறியே" என்று மூக்கை உறிஞ்சினார்.

மணமேடையில், பையனுக்குப் பின்னால், மீசையை முறுக்கிவிட்டு நின்ற பெரிய வண்டிக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் தோள் குலுங்கியது. துண்டால் வாயைப் பொத்தினார். கெட்டிமேளம் என்று ஐயர் கையை உயர்த்தினார். அட்சதை எல்லோர் கையிலிருந்தும் பறந்தது. அவர் கையில் இருந்தது மட்டும் விரலிடுக்கில் வழிந்து காலடியிலேயே கொட்டியது. மேளச் சத்தத்தையும் மீறி அவர் சிரிப்பு கேட்டது.